அப்பா வாங்கிய இருநூறு

அன்று அந்த அறையில் நான்கு பேர் இருந்தோம். அப்பா சபாபதி, அம்மா மல்லிகா, நான், மேசைக்கு அந்தப் பக்கம் கேள்வித்தாளோடு சிஸ்டர் ஷர்மிளா. டாக்டர் இல்லை; இரண்டு அறை தள்ளி வேறு நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கௌரி இல்லை. வாலாஜாபாத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அவளுக்கு அப்பாவின் நோயைப் பற்றி நாங்கள் பாதிதான் சொல்லியிருந்தோம். எங்கள் வீட்டில் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள்தான். அன்று அவள் வந்திருந்தால் நான் இதை எழுதவேண்டி இருந்திருக்காது.

கல்லீரல் நோய்க்காரர் ஒருவரை வீட்டில் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு எங்களைப் போல நடந்துகொள்ளாமல் இருந்தால் போதும். எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். அதனால் எழுதவேண்டியவனும் நான்தான்.

அப்பாவுக்கு ஐம்பத்து நான்கு வயது; கைத்தறியில் சேலை நெய்கிறவர். போன வருஷம் ஆடி மாதத்தில் அவருக்கு வேட்டி இடுப்பில் நிற்காமல் போனது. வயிறு பெருத்தது, கையும் தோளும் இளைத்தன. கால் வீங்கியது. தறிக்குழியில் நாள் முழுக்கக் காலைத் தொங்கப்போட்டு உட்காருவதால் வீங்குகிறது என்று நாங்களே முடிவு செய்துகொண்டு, வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைக்கச் சொன்னோம். ஒரு மாதம் அந்த வைத்தியம் நடந்தது.

வீக்கம் வடியாமல் போகவே ஸ்கேன் எடுக்கப் போனோம். எடுத்த ஆள் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எத்தினி வருஷமா குடிக்கறாரு?"

"குடிக்க மாட்டாருங்க" என்றாள் அம்மா.

"வர்ற எல்லா அம்மாவும் இதத்தான் சொல்றாங்க."

அப்பா மேல்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். வெளியே வந்ததும், "கோயில் தீர்த்தம்கூட மூணு சொட்டுதான் வாங்குவேன், அத வேணா எழுதிக்கச் சொல்லு" என்றார். சிரித்தோம். அந்த வருஷத்தில் நாங்கள் மூவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

சிரோசிஸ் என்றார்கள். நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். கல்லீரல் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கவேண்டும். பதினைந்து வருஷச் சர்க்கரையும் அதில் சேர்ந்த கொழுப்பும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புண்ணாக்கி, புண் ஆறி ஆறித் தழும்பாகி, கடைசியில் முழுதும் கெட்டியாகிவிட்டது. அதற்குள் ரத்தம் போகமுடியாமல் பின்னுக்குத் தள்ளுகிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் கசிந்து வயிற்றில் சேர்கிறது. உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் புடைத்துக்கொள்கின்றன. புடைத்தவை வெடித்தால் ரத்தவாந்திதான். அதற்காக வாய்வழியாகக் குழாய்விட்டு ஒவ்வொன்றாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார்கள். வயிற்றில் ஊசி குத்தி ஐந்து லிட்டர் தண்ணீர் எடுத்தார்கள். கேனில் இருந்த அந்த மஞ்சள் தண்ணீரைப் பார்த்து அப்பா, "மாம்பழக் கலரும் இல்ல, வெந்தயக் கலரும் இல்ல. இந்தக் கலர்ல சேல போட்டா ஒருத்தி வாங்க மாட்டா" என்றார்.

அக்காவிடம் சொல்லவேண்டாம் என்றது அப்பாதான். "அவ மாமியாருக்குத் தெரிஞ்சா என்னாவும்? ஈரல் கெட்டுதுன்னா குடிகாரன்னுதான பேரு. நாளைக்கு ஒரு சண்ட சச்சரவு வந்தா அவள குத்திக் காமிப்பாங்க." அக்காவிடம் வாயு என்று சொன்னோம்.

சென்னையில் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். விடியற்காலை பஸ் பிடித்துப் போய், டோக்கன் வாங்கி, ரத்தம் கொடுத்து, மதியம் வரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கவேண்டும். அந்த டாக்டர்தான் முதன்முறையாக மாற்று அறுவை பற்றிப் பேசினார். நெருங்கிய உறவினர் ஒருவரின் கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி நோயாளிக்கு வைப்பார்கள். இரண்டு பேரிடமும் அது வளர்ந்துவிடும். எனக்கும் அப்பாவுக்கும் ஒரே ரத்தவகை.

"நான் தரேன் சார்" என்றேன்.

"அவசரப்படாதீங்க. உங்கப்பாவோட நம்பரெல்லாம் நடுவுல நிக்குது. ரத்தத்த மட்டும் பாத்து ஒருத்தர் எப்படி வாழ்ந்துக்கிட்டிருக்காருன்னு சொல்ல முடியாது. அத அவங்களக் கேட்டுத்தான் தெரிஞ்சிக்கணும். சிஸ்டர் ஒரு ஃபார்ம் வெச்சிருக்காங்க. ஒழுங்கா பதில் சொல்லுங்க, அதையும் பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

ஒழுங்காக என்ற சொல்லை நாங்கள் எங்கள் வழக்கப்படி எடுத்துக்கொண்டோம்.

காத்திருந்த இடத்தில் செய்யாற்றுப் பக்கத்து அம்மா ஒருத்தி இருந்தாள். அவள் என் அம்மாவிடம் சொன்னாள்: "நிக்க முடியாதவன ஆபரேஷன் மேசையில ஏத்துவாங்களா? தெம்பா இருக்கறவனத்தான் எடுப்பாங்க. எங்க ஊட்டுக்காரரு உள்ளத உள்ளபடி சொல்லிட்டு மூணு வாட்டி திரும்பி வந்துட்டாரு. நீங்களாவது சூதானமா இருங்க." அப்பா கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நெய்து முடித்த சேலையை முதலாளி வீட்டுக்குக் கொண்டுபோனால், அவர் அதை டியூப்லைட்டுக்குக் கீழே மூங்கில் கழியில் போட்டுக் கெஜம் கெஜமாகப் பார்ப்பார். இழை விட்டிருந்தாலோ கரை இறுகியிருந்தாலோ கூலியில் பிடிப்பார். குறையை நாமாகக் காட்டினால் இன்னும் நாலு தேடுவார். ஆகவே கேட்டாலும் கேட்காவிட்டாலும் "சரியா இருக்குதுங்க" என்பதுதான் பதில். அதிலும் ஒரு வழக்கம் உண்டு. முந்தானை ஓரமாக, அவர் கண்ணில் படுகிற மாதிரி, சின்னதாக ஒரு பிசிறை விட்டுவைப்பார்கள். அவர் அதைக் கண்டுபிடிப்பார், ஐம்பது ரூபாய் பிடிப்பார், பிடித்த திருப்தியில் மிச்சத்தைச் சரசரவென்று பார்த்துச் சுருட்டிவிடுவார். முப்பத்தைந்து வருஷமாக அப்பா அப்படித்தான் சேலை கொடுத்தார்.

கேள்வித்தாளில் இருபத்தொன்பது கேள்விகள். எல்லாம் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியவை. களைப்பு, வயிற்று உப்புசம், அரிப்பு, பகல் தூக்கம், மறதி, எரிச்சல், பயம் என்று போகும். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஏழுவரை எண். எந்நேரமும் தொந்தரவு இருந்தால் ஒன்று. சில நேரம் என்றால் நான்கு. ஒருபோதும் இல்லை என்றால் ஏழு. அதிலிருந்த தமிழ் பாடப்புத்தகத் தமிழ். அதைப் படித்துச் சொல்லி அப்பாவின் பதிலைக் குறிப்பது என் வேலை ஆனது. எனக்கு அதில் பெருமையாகக்கூட இருந்தது.

"களைப்பா இருந்துச்சாப்பா?"

"இல்லியே."

"வயிறு உப்பிக்கினு?"

"சேச்சே. தண்ணிதான் எடுத்துட்டாங்களே."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. சிஸ்டரின் கையிலிருந்த பேனாவைப் பார்த்தபடி, முதலாளி எதிரே நிற்கிற மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். தறியில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் மூச்சு வாங்குகிறவர் அவர். உடம்பெல்லாம் அரித்து, ராத்திரி சீப்பால் முதுகைச் சொறிந்துகொள்கிறவர். ஏழு, ஏழு, ஏழு.

பத்தொன்பதாவது கேள்விக்கு அம்மா அவர் முழங்கையை மெல்ல இடித்தாள். அப்பாவுக்குப் புரிந்தது. "கால் ஆடுசதை புடிச்சிக்கிதும்மா, சில நேரம்" என்று சிஸ்டரிடமே நேராகச் சொன்னார், கொஞ்சம் வெட்கப்பட்ட முகத்தோடு. அது முந்தானைப் பிசிறு. நான் நான்கு போட்டேன்.

பகல் தூக்கம் பற்றிய கேள்விக்கு மட்டும் அவர் தயங்கினார். வாய் திறந்து மூடினார். அந்தத் தயக்கத்துக்கு நான் ஏழு போட்டேன். அது அவர் சொன்ன பொய் இல்லை, நான் சொன்னது. எனக்கு ஒரகடத்தில் வண்டி உதிரிபாகக் கம்பெனியில் தர ஆய்வில் வேலை. குறையுள்ள பொருளை ஒதுக்கிச் சிவப்புச் சீட்டு ஒட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கடைசிக் கேள்வி இது: தேவைப்பட்டால் மாற்றுக் கல்லீரல் கிடைக்குமோ கிடைக்காதோ என்று எவ்வளவு நேரம் கவலைப்பட்டீர்கள்?

அப்பா அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒருபோதும் இல்ல. பையன் இருக்கறான்."

சிஸ்டர் கூட்டிப் பார்த்தாள். வெளியே நாற்பது பேர் நின்றார்கள். "இருநூறு. இந்த மாசம் யாருக்கும் இவ்ளோ நல்ல ஸ்கோர் வரலப்பா" என்றாள்.

டாக்டர் அதைப் பார்த்தார். "இவ்வளவு நல்லா இருக்கறவரை இப்பவே மேசையில போட வேண்டியதில்ல. குறைச்சலா வந்தவங்களத்தான் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வரச்சொல்றோம். நீங்க மூணு மாசம் கழிச்சு வாங்க."

பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து, "ஒரு கொறதான் காமிச்சேன், பாத்தியா" என்றார். தேர்வில் ஜெயித்த மாதிரி இருந்தார். தள்ளிவைத்துவிட்டார்களே என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் இருநூறு என்று ஒரு எண் கையில் இருந்ததால் அதை நானும் நம்பத் தொடங்கிவிட்டேன். படித்தவனுக்கு எண் மேல் இருக்கிற மூட நம்பிக்கை அது.

ஒரு சிரப் கொடுத்திருந்தார்கள். தித்திப்பாக இருக்கும்; குடித்தால் நாளைக்கு மூன்று முறையாவது வெளிக்குப் போகவேண்டும். குடலில் உண்டாகிற அம்மோனியா என்ற நஞ்சைக் கெட்டுப்போன கல்லீரலால் சுத்தம் செய்ய முடியாது. அது மூளைக்கு ஏறும். அதை வெளியே தள்ளத்தான் அந்த சிரப். அப்பா அதை அரை மூடியாகக் குறைத்துவிட்டார். குழியிலிருந்து எழுந்து எழுந்து போனால் நெசவு கெடுகிறது என்பது காரணம். அம்மாவுக்குத் தெரியும். சொல்லவில்லை.

இரண்டாவது மாதம் பகலெல்லாம் தூங்கி ராத்திரியெல்லாம் விழித்திருந்தார். கையை நீட்டினால் மணிக்கட்டிலிருந்து படபடவென்று அடித்தது. ஊடு நூலைக் கொண்டுபோகிற நாடாவை வீசினால் பாதியில் நின்றது. எங்களுடையது கோர்வைக் கரை. நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ளவேண்டும். அது அம்மா. ஒரு நாள் நான் வேலையிலிருந்து வந்தபோது அம்மா அப்பாவின் இடத்தில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தாள். காலையில் அவர் நெய்ததைப் பிரித்துவிட்டுத் திரும்ப நெய்கிறாள். அந்தச் சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். முதலாளி ஐம்பது ரூபாய்தான் பிடித்தார்.

அதற்குப் பிறகு அப்பாவின் வாய் மாறியது. அம்மாவை அவர் ஒருநாளும் 'மல்லி' தவிர வேறு சொல்லிக் கூப்பிட்டதில்லை. சோறு வைத்தவளை நிமிர்ந்து பார்த்து, "எவடி நீ, எவனக் கேட்டு உள்ள வந்த" என்றார். தட்டைத் தள்ளிவிட்டார். குழியிலேயே சிறுநீர் கழித்தார். நான் துடைத்துக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே அவர் குரல் தெளிவாகக் கேட்டது. "இவனப் படிக்கவெச்ச காசுக்கு இன்னொரு தறி போட்டிருக்கலாம். அதுவாவது ஒழைக்கும்."

நஞ்சு பேசுகிறது என்று பின்னால் டாக்டர் சொன்னார். இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கை நஞ்சு எங்கிருந்து எடுத்தது என்று அவர் சொல்லவில்லை.

மூன்று மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. காலையில் எழுப்பினால் எழவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் கருவிழி மேலே போய்க்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸில் சென்னைக்குக் கொண்டுபோனோம்.

தீவிர சிகிச்சையில் பதினோரு நாள். ஒரு வேளைக்கு ஒருவர், ஐந்து நிமிஷம். முதல் நான்கு நாள் அவர் கைகளைக் கட்டிலின் கம்பியோடு துணிப்பட்டையால் கட்டியிருந்தார்கள், குழாய்களைப் பிடுங்குகிறார் என்று. கட்டிய நிலையிலேயே இரண்டு கையும் மாறி மாறி அசைந்துகொண்டிருந்தன. பக்கத்துக் கட்டில்காரரின் மகன், "உங்கப்பா யாரையோ கூப்பிடறாரு" என்றான். யாரையும் கூப்பிடவில்லை. அவர் கை நாடாவை வீசிக்கொண்டிருந்தது. குடலைக் கழுவக் கழுவ நாற்றம் வாசல்வரை வந்தது. நுரையீரலில் சளி கட்டியது. சிறுநீரகம் பின்வாங்கியது. தினம் காலையில் ஒரு பையன் பில் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சாயங்காலத்துக்குள் முன்பணம் கட்டவேண்டும் என்பான். காப்பீட்டு அட்டை பாதியைத்தான் தாங்கியது. அம்மா சங்கிலியைக் கழற்றியபோது கழுத்தில் வெள்ளையாக ஒரு கோடு இருந்தது.

அக்காவுக்கு அப்போதுதான் சொன்னோம். இரண்டாம் நாள் வந்தாள். கூடவே, எவருக்குத் தெரியக்கூடாது என்று இவ்வளவும் மறைத்தோமோ அந்த மாமியாரும் வந்தார், கையில் கஞ்சி பிளாஸ்கோடு. பிறகு தினமும் வாலாஜாபாத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார். அம்மாவை உட்காரவைத்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தார். குடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலாம் நாள் நானே சொன்னேன்.

"அப்பா குடிக்க மாட்டாரு அத்தை."

"தெரியும் தம்பி. எங்க ஊட்டுக்காரரும் இதுலதான் போனாரு. வாயில ஒரு சொட்டு வெச்சதில்ல." பிளாஸ்க்கின் மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "தீவாளிக்கு வந்தப்போ அண்ணன் கை ஆடுறத பாத்தேன். அவருக்கும் அப்பிடித்தான் ஆடுச்சி. கேட்டா தப்பா நெனச்சிக்குவீங்கன்னு வுட்டுட்டேன்."

அக்கா அழவில்லை. கேள்வித்தாள் விஷயத்தை நான் சொன்னதும் மருத்துவமனை மாடிப்படியில் என் சட்டையைப் பிடித்தாள். "அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாதுடா. அவரு முதலாளின்னு நெனச்சி சொன்னாரு. நீ எவன்னு நெனச்சி எழுதன?"

பன்னிரண்டாம் நாள் அப்பா கண்விழித்துத் தண்ணீர் கேட்டார். அம்மாவை "மல்லி" என்றார். அன்றைக்கே டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் பழையபடி "எப்ப சார் வரணும், நான் தயார்" என்றேன்.

"இந்த உடம்பு இப்ப ஆபரேஷனைத் தாங்காதுப்பா. மூணு மாசம் முன்னாடின்னா செஞ்சிருப்போம். இனிமே தேறுமான்னு எனக்கு நம்பிக்கை இல்ல. மருந்துல இழுத்துக்கினு போகலாம்." அப்புறம் அந்தப் பழைய தாளை எடுத்து என் பக்கம் திருப்பினார். "இத யாரு நிரப்பினது?"

"நான்தான் சார்."

அவர் தாளைத் திரும்பக் கோப்பில் வைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போகிறோம். ஒவ்வொரு முறையும் அதே தாள். முதல் முறை அப்பா, நான், சிஸ்டர் ஷர்மிளா, கூட முந்தின நாளே வந்து தங்கிய அக்கா. அம்மா வரவில்லை, முன்பணம் வாங்கிய சேலையை முடிக்கவேண்டி இருந்தது. சிஸ்டர் தாளை நீட்டிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பா பழையபடி முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"மறதி இருந்துச்சாப்பா?"

"இல்லியே."

"நேத்து என் செருப்ப மாட்டிக்கினு தெரு முனையில நின்னியே, அது யாரு?" என்றாள் அக்கா.

"அது உன் செருப்பா? அதான் கடிச்சிது." அப்பா சிரித்தார். "சரி, எழுதிக்கோ."

"தூக்கம்?"

"பஸ்ஸுல வரும்போதே குறட்டை. ஒண்ணு போடுடா முரளி" என்றாள் அக்கா.

இப்படியே போனது. ஒன்று, இரண்டு, ஒன்று, மூன்று. ஒவ்வொரு எண்ணுக்கும் அப்பா சிஸ்டரைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டார். கடைசிக் கேள்வியைப் படிக்க என்னால் முடியவில்லை. அக்கா வாங்கிப் படித்தாள். மாற்றுக் கல்லீரல் கிடைக்குமா என்று கவலைப்பட்டீர்களா?

டாக்டர் சொன்னதை அப்பாவிடம் நாங்கள் சொல்லவில்லை.

"ஒருபோதும் இல்ல" என்றார் அப்பா. "பையன் இருக்கறான்."

அந்தத் தாளில் இருந்த ஒரே ஏழு அதுதான். அது உண்மை என்பதால் போட்டேன்.

சிஸ்டர் கூட்டினாள்.

"எவ்ளோம்மா?" என்றார் அப்பா.

"அம்பத்தொம்போதுங்க."

அப்பா விரலை மடக்கினார். வெகுநேரம் ஆனது. இரண்டுமுறை விட்டு விட்டுத் தொடங்கினார். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. பிறகு சரியாகவே சொன்னார்.

"போன வாட்டி இருநூறு. நூத்தி நாப்பத்தொண்ணு புடிச்சிட்டாங்க." என் பக்கம் குனிந்து, சிஸ்டர் காதில் விழாதபடி மெதுவாகக் கேட்டார்.

"எந்தக் கொறைக்குடா நூத்தி நாப்பத்தொண்ணு?"